வார்ப்புருவுக்கு ஏழு முன்னோர்

தன் மனைவி உல்பிகே தனக்குக் கூடப்பிறந்த தங்கை என்பது கோய்ஷிபாய்க்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரிய வந்தது. அதற்கு முன்பு பதினோரு வருஷம் அந்த விவரம் தெரியாமலே அவளோடு குடித்தனம் நடத்தியிருந்தான்.

அவன் மாவட்ட அறிவுக் களஞ்சிய மையத்துக்குப் போனது வேறு காரியமாக. உல்பிகேவுக்கு மாதம் நெருங்கியிருந்தது. இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கிய கரு. அவளுக்கு வயதும் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிரசவ விடுதியில் முன்கூட்டியே இடம் சொல்லி வைக்காவிட்டால் பனிப்புயல் நேரத்தில் நாயாக அலைய வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தாள். சாரிகம்ஷி மாவட்டத்தில் இப்போதெல்லாம் எதற்கும் களஞ்சியத்தில் ஒரு பக்கம் வேண்டும். நிலக்கரி வாங்கப் பக்கம், குதிரைக்குச் சூடு போடப் பக்கம், செத்தால் குழி வெட்டப் பக்கம். மனிதன் இருந்து பக்கம் இல்லாவிட்டால் பெரிய சிக்கல். பக்கம் இருந்து மனிதன் இல்லாவிட்டால் ஒரு சிக்கலும் கிடையாது. அப்படிப் பலர் ஒழுங்காகத் தேர்தலில் வாக்களித்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் மரியாஷ் உட்கார்ந்திருந்தாள். அவளும் கோய்ஷிபாயும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவள் திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சிவப்பா காட்டுதே," என்றாள்.

"என்ன சிவப்பு?"

"நீயும் உல்பிகேவும் அண்ணன் தங்கச்சி. கல்யாணம் செல்லாதுன்னு வருது."

"மரியாஷ், உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? எங்க கல்யாணத்துல விடிய விடிய ஆடினவ நீ. செருப்பு அறுந்துடுச்சுன்னு அழுதவளும் நீதான்."

"ஆடினேன், இல்லேங்கல. ஆனா அது பக்கத்துல இல்லையே."

கோய்ஷிபாய் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். எதிரில் எது குவிந்திருந்தாலும் தள்ளிக்கொண்டு போய்த்தான் பழக்கம். அன்று முதல் முறையாக எங்கே தள்ளுவது என்று தெரியவில்லை. மரியாஷுக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே அவனுக்கு ஒப்பித்தாள்.

"இங்க பாரு. இது விக்கின்னு ஒரு மென்பொருள். இதுல 'குடிமகன்'ங்கிறது ஒரு வகுப்பு. ஒரு குடிமகனுக்கு என்னென்ன பண்பு இருக்கணும்னு அதுல எழுதி வெச்சிருக்கு. பேர், பிறந்த வருஷம், ஏழு முன்னோர், துணைவர், கால்நடை எத்தனை. நீ அந்த வகுப்புல ஒரு பொருள்."

"நான் பொருளா?"

"கோவிச்சுக்காதே. நானும் பொருள்தான். இயக்குநர்கூடப் பொருள்தான், அவரு கொஞ்சம் பெரிய பொருள். அப்புறம் வார்ப்புரு. ஒவ்வொரு ஆளுக்கும் முதல்லேர்ந்து எழுதிட்டிருக்க முடியுமா? அதுக்காக முன்மாதிரியா ஒரு பக்கம் செஞ்சு வெச்சிருக்காங்க. பொத்தானை அமுக்கினா அதே மாதிரி இன்னொண்ணு வந்து நிக்கும். பேரை மாத்துவோம், வருஷத்தை மாத்துவோம், கிராமத்தை மாத்துவோம். முடிஞ்சுது."

"ஏழு முன்னோரை?"

மரியாஷ் மேசையில் இருந்த பிளாஸ்டிக் பூவைச் சரிசெய்தாள்.

"அது ஏற்கெனவே நிரப்பியிருந்துச்சு. நல்ல பேருங்களா இருந்துச்சு. நாங்க தொடலை."

ஏழு தலைமுறைக்குள் பெண் எடுக்கக் கூடாது என்பது அந்தப் புல்வெளியில் குதிரைக்கும் தெரிந்த சட்டம். பொலிக்குதிரை தன் பெட்டைக் குட்டி வளர்ந்ததும் கூட்டத்தை விட்டே துரத்திவிடும். அதனால்தான் அங்கே பிள்ளைகளுக்குப் பால் பல் விழுவதற்கு முன்பே ஏழு முன்னோரையும் தலையில் குட்டிக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கோய்ஷிபாய் கண்ணாடிக்கு அருகில் குனிந்து, வகுப்பில் ஒப்பிக்கிற பையன் போலச் சொன்னான்: "தோலெகென், ஜகிப், எசிம், பொரான்பாய், கராஜான், சாரிமோல்தா, இதெமிஸ். இவங்கதான் என் ஆளுங்க. அடிச்சுட்டுச் சரியா எழுது."

மரியாஷ் திரையை அவன் பக்கம் திருப்பினாள். முராத், அமான், சேயித், கோஷ்கார், தின்பெக், உலான், ஷோராபெக் என்று இருந்தது.

"யார் இவனுங்க எல்லாம்?"

"உன் முன்னோர். உல்பிகேவோட முன்னோரும் இவங்கதான். என்னோடதும். மாவட்டம் பூராவுக்கும் இவங்கதான்னு நேத்துதான் கண்டுபிடிச்சோம்."

"பழைய பதிவேட்டை எடுத்துப் பாரேன்."

"களஞ்சியம் திறந்த அன்னிக்கே காகிதத்தை எல்லாம் கொதிகலன்ல போட்டு எரிச்சாச்சு. அன்னிக்கு இந்தக் கட்டடத்துல வெந்நீர் எவ்வளவு நல்லா வந்துச்சு தெரியுமா?" என்றாள் மரியாஷ், ஏக்கத்தோடு.

அந்த வாரமே கலாசார மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மைய இயக்குநர் ஓராஸ்கேல்தி மேடையில் இருந்தார். ஊர் வழக்கப்படி மரியாதைக்கு அவரை ஓரெக்கே என்பார்கள். அதற்கு முன்பு ஆடுகளுக்குச் சொறி மருந்துக் குளியல் போடும் துறையில் முப்பது வருஷம் இருந்தவர். கூட்டத்தைக் கண்டால் ஒரே வாசல் வழியாக உள்ளே விட்டு ஒரே வாசல் வழியாக வெளியே எடுக்க வேண்டும் என்று அவருக்குக் கை பரபரக்கும்.

"குடிமக்களே, ஒரு தப்பும் நடக்கல," என்று தொடங்கினார். "நடந்திருக்கவும் முடியாது. தப்புங்கிற பண்பு நம்ம வகுப்புலயே கிடையாது. வார்ப்புருவுல ஒரு சின்ன விஷயம் இருந்துச்சு. அதைத் திருத்தியாச்சு. இப்ப அந்த ஏழு இடமும் காலி."

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப எங்க முன்னோர் எங்களுக்குத் திரும்பி வந்துட்டாங்களா, ஓரெக்கே?"

"எப்படி வருவாங்க? வார்ப்புருவைத் திருத்தினா இனிமே வார்க்கிறதுக்குத்தான் அது. ஏற்கெனவே வார்த்தது வார்த்ததுதான். பவுர்சாக்கைப் பொரிச்சு எடுத்தப்புறம் மாவுல உப்பு போட்டு என்ன புண்ணியம்? பொறந்துட்ட நீங்க அப்படியே இருங்க. பொறக்கப் போறவங்க நல்லா இருப்பாங்க. எல்லா நல்ல அரசாங்கமும் அப்படித்தான்."

பிறகு வார்ப்புருவைச் செய்த ஆளை மேடையேற்றினார்கள். தைமாஸ் என்ற பையன். தலைநகரத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். மெல்லிய கோட்டு, ஈரமான நகரத்துச் செருப்பு, உதடு நீலம் பாரித்திருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மன்னிச்சுக்குங்க. அந்த ஏழு கட்டமும் வேலை செய்யுதான்னு பார்க்க ஏழு பேர் தேவைப்பட்டுச்சு. எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது என் ஏழு பேர்தான். எங்கப்பா முராத் காதைத் திருகிக் கத்துக்கொடுத்தது. போட்டுப் பார்த்தேன். அழிக்க மறந்துட்டேன்."

அவனை அடித்துவிடுவார்களோ என்று கோய்ஷிபாய் பயந்தான். முதல் அடி தன்னுடையதாக இருக்கட்டும் என்று கையையும் இறுக்கிக்கொண்டான். ஆனால் ஓராஸ்கேல்தி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போய்ப் பையனைக் கட்டிக்கொண்டார்.

"அப்ப நீங்கதான் எங்க மூத்த கிளை!" என்றார் தழுதழுத்த குரலில். "இத்தனை நாளா அந்தக் கிளை, இந்தக் கிளைன்னு அடிச்சுக்கிட்டுக் கிடந்தோம். ஒரே ஒரு பொத்தான்ல நம்மளை எல்லாம் ஒரே அப்பனுக்குப் பிள்ளையா ஆக்கிட்டாரு. இது எந்த மாவட்டத்தால முடியும்?"

அழத் தெரிந்தவர்கள் அழுதார்கள். அழத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கட்டிக்கொண்டார்கள். கோய்ஷிபாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு அடியில் போய் நின்றான்.

"ஓரெக்கே, கிளை எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். என் பெண்டாட்டிக்குப் பிரசவ நேரம் நெருங்குது. விடுதியில இடம் வேணும்."

"யாருக்கு?"

"உல்பிகேவுக்கு."

ஓராஸ்கேல்தி பக்கத்தில் இருந்த திரையைப் பார்த்தார். "உங்க தங்கச்சிக்கு," என்று திருத்தினார். "குழந்தைக்கு யார் பொறுப்பு?"

கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்தார்கள். கடைசி வரிசையில் மாவட்டப் போலீஸ்காரர் பேனாவின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்பார்கள். அன்று அந்த மண்டபத்தில் அத்தனை பேருக்கும் கோய்ஷிபாய் வீட்டுக் கதை தெரியும். கல்யாண விருந்தில் சாப்பிட்டவர்களே பாதிப் பேர் இருந்தார்கள். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பயந்து அல்ல, அவர்களும் அதே ஏழு முன்னோரோடு அவரவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அதனால்தான்.

அன்றிரவு விருந்தில், மூத்தவர் அறுத்துப் பங்கிட வேண்டிய ஆட்டுத்தலையை அந்தப் பையன் முன்னால் வைத்தார்கள். தலை நரைத்தவர்களெல்லாம் கீழே உட்கார்ந்திருக்க, அவன் கத்தியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் விழித்தான். ஒரு கிழவர் அவன் கையைப் பிடித்து நடத்தினார். அன்றைக்குக் காதை அறுத்துச் சின்னவர்களுக்குக் கொடுக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது விருந்தில் வெட்கம் போய்விட்டது. மூன்றாவது விருந்தில், தலை சிறிதாக இருக்கிறதே என்று கேட்டான்.

அதன் பிறகு, புது முன்னோரை ஒப்புக்கொள்ளும் ஏற்பு விழா தொடங்கிற்று. குடும்பம் குடும்பமாக மண்டபத்துக்கு வந்து, கேமராவுக்கு முன்னால் நின்று, முராதில் தொடங்கி ஷோராபெக் வரை பிழையில்லாமல் சொல்ல வேண்டும். சொன்னவர்களுக்கு நிலக்கரி. தடுமாறினவர்களுக்குப் பாதி. பள்ளிக்கூடத்தில் காலை மணி அடித்ததும் பிள்ளைகள் சொன்னார்கள். சந்தை ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. முராத், அமான், சேயித், கோஷ்கார். குதிரை இறைச்சி வாங்கப் போனாலும் தின்பெக், உலான், ஷோராபெக். கோய்ஷிபாய் பனி தள்ளும் வண்டியின் என்ஜினை வேண்டுமென்றே உறுமவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் கடந்தான். அப்படியும் காதில் விழுந்தது.

அவன் ஏற்புக்குப் போகவில்லை. நிலக்கரி நின்றது. சாண வறட்டியை எரித்து வீட்டைச் சூடாக்கினார்கள். உல்பிகே அடுப்புக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அவனைச் சீண்டினாள். அவனை அவள் 'ஓதகாசி' என்றுதான் கூப்பிடுவாள், வீட்டு அடுப்புக்கு உரியவன் என்று.

"ஓதகாசி, போலீஸ்காரர் வந்திருந்தாரு. அண்ணனும் தங்கச்சியும் ஒரே வீட்டுல இருக்கிறதுக்கு ஆட்சேபணை இல்லையாம். கட்டிலுக்கு நடுவுல ஒரு தடுப்பு மட்டும் போடச் சொன்னாரு. என் வயித்தைப் பார்த்து, தடுப்பு கொஞ்சம் லேட்டாயிடுச்சேன்னாரு."

"சிரிக்கிறியா?"

"அழுதா உள்ள இருக்கிறது உதைக்குது. அதனால சிரிக்கிறேன்." பிறகு குரல் இறங்கிற்று. "குழந்தையை எடுத்துட்டுப் போயிடுவாங்களா?"

மறுநாள் கோய்ஷிபாய் தைமாஸைத் தேடிப் போனான்.

பையனுக்கு மையத்துக்குப் பக்கத்திலேயே வீடு கொடுத்திருந்தார்கள். கம்பளி விரித்த அறையில் வாசலுக்கு நேர் எதிரே, பெரியவர்கள் உட்காரும் உயர்ந்த இடத்தில், தலையணையில் சாய்ந்திருந்தான். நரித்தோல் தொப்பி புதிது.

"வாங்க, தம்பி," என்றான், தன் அப்பன் வயதிருந்த கோய்ஷிபாயை.

"நீ எழுதினதுதானே? நீயே அழி. எங்க ரெண்டு பேருக்கு மட்டுமாவது அழி."

"அழிக்கலாம். ரெண்டு பேருக்கு என்ன, மாவட்டம் பூராவுக்கும் அழிக்கலாம். நாலு வரி எழுதி ஓடவிட்டா, இந்தத் தேநீர் ஆறுறதுக்குள்ள எல்லாப் பொருள்லேயும் அந்த ஏழு கட்டமும் காலியாயிடும். அப்புறம் அவங்கவங்க வந்து அவங்கவங்க ஆளுங்களைச் சொல்லிட்டுப் போகலாம்."

கோய்ஷிபாய்க்கு மூச்சு வந்தது. "அப்ப செய்யேன்!"

பையன் கிண்ணத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு அவன் முகத்தில் அந்த ஈரச் செருப்புப் பையன் தெரிந்தான்.

"நகரத்துல எனக்கு வாடகைக்கு ஒரு அறை. பக்கத்து அறைக்காரன் பேர்கூட எனக்குத் தெரியாது. அப்பா போய்ச் சேர்ந்தாச்சு. கல்யாணம், கருமாதி எதுக்கும் யாரும் கூப்பிட்டதில்ல. இங்க ரோட்டுல நடந்தா கிழவனுங்க கும்பிடுறாங்க. எங்கப்பா பேரைக் குழந்தைங்க சொல்லுது. நேத்து ஒரு பாட்டி எனக்காக அழுதா, கோய்ஷிபாய்." கிண்ணத்தைக் கீழே வைத்தான். பழைய முகம் போய்விட்டது. "அதோட, தம்பி, உனக்கு எதுக்கு இந்த அடம்? ஏழு பேருக்குப் பதிலா ஏழு பேர்தானே?"

கோய்ஷிபாய் அவன் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தான். அந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. பையனுக்கு அது தெரியாது.

பனி இறுகிய காலத்தில் மேலிடத்துப் பார்வையாளர் வருவதாகச் செய்தி வந்தது. களஞ்சியத்தின் முகப்பில் ஒரு பெரிய எண் உண்டு. மாவட்டத்தில் எத்தனை முரண் என்று அது சிவப்பில் காட்டும். செல்லாத கல்யாணம் ஒவ்வொன்றும் ஒரு முரண். பார்வையாளர் வேறெதையும் பார்க்க மாட்டார். அந்த எண்ணைப் பார்ப்பார், ஆட்டைச் சாப்பிடுவார், போய்விடுவார். ஓராஸ்கேல்தி மறுபடி மண்டபத்தைத் திறந்தார். தைமாஸ் அவர் பக்கத்தில் இருந்தான்.

"பொருளைத் திருத்தினா ஒண்ணு ஒண்ணாத் திருத்தணும்," என்று விளக்கினார் ஓராஸ்கேல்தி. "வார்ப்புருவைத் திருத்தினா நாளைக்குப் பொறக்கிறவனுக்குத்தான் பலன். ஆனா வகுப்பைத் திருத்தினா அந்த நிமிஷமே எல்லாருக்கும் திருத்தம்! யாரையும் கேட்க வேண்டாம், கூப்பிட வேண்டாம், கையெழுத்து வேண்டாம். இந்த மென்பொருளைக் கண்டுபிடிச்சவன் கெட்டிக்காரன், குடிமக்களே. நான் ஆட்டுத் துறையில இருந்தப்ப இது கிடைக்காம போச்சேன்னு வருத்தப்படுறேன். ஆக, வகுப்புலேர்ந்து ஒரு பண்பை எடுத்துடப் போறோம். முரண் ரெண்டு பண்புக்கு நடுவுல இருக்கு. ஒண்ணு ஏழு முன்னோர். இன்னொண்ணு துணைவர். எதை எடுக்கிறது?"

"முன்னோரை எடுத்துடுங்க!" என்று கத்தினான் கோய்ஷிபாய். "பொய்யா இருக்கிறதை எடுங்க!"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓராஸ்கேல்தியின் முகம் உண்மையாகவே வெளுத்தது.

"ஏழு முன்னோரைத் தெரியாதவன் அனாதைன்னு நம்ம பெரியவங்க சொல்லியிருக்காங்க. என் கையால இந்த மாவட்டத்தையே அனாதை ஆக்கச் சொல்றியா? அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். முன்னோர் புனிதம். பெண்டாட்டி வருவா, போவா."

கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். முதலில் ஆண்கள், பிறகு அவர்களைப் பார்த்துப் பெண்கள். தைமாஸ் ஒரு பொத்தானை அமுக்கினான். திரையில் சிவப்பு எண் ஒரு தடவை துடித்து, பூஜ்யமாகிப் பச்சையாயிற்று. சாரிகம்ஷி மாவட்டத்தில் அந்தக் கணத்தில் கணவன் என்றும் மனைவி என்றும் எவரும் இல்லை. கைதட்டல் அடங்கியதும் எல்லோரும் வழக்கம்போல வீட்டுக்குப் போனார்கள். ஆனால் வந்தபோது ஜோடியாக வந்தவர்கள், போகும்போது இடைவெளி விட்டு நடந்தார்கள்.

பார்வையாளர் வந்தார், எண்ணைப் பார்த்தார், ஆட்டைச் சாப்பிட்டார். இந்த வகுப்பையும் வார்ப்புருவையும் அப்படியே பிரதியெடுத்துப் பக்கத்து மாவட்டங்களுக்கும் அனுப்புமாறு உத்தரவிட்டுப் போனார்.

உல்பிகேவுக்கு வலி கண்டது பனிப்புயல் வீசிய ஒரு காலையில். அவளை ஏற்றிய ஆம்புலன்ஸ் முன்னால் நகர முடியாமல் நின்றது. கோய்ஷிபாய் தன் வண்டியை எடுத்து, மனைவியின் அலறல் பின்னால் கேட்கக் கேட்க, பாதையைத் தானே வெட்டிக்கொண்டு போனான். டாக்டரம்மா வயிற்றைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டாள், பக்கத்தைக் கேட்கவில்லை. அதற்காகப் பின்னால் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. மத்தியானம் ஆண் குழந்தை பிறந்தது. கோய்ஷிபாய் வாசலில் பனியில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதான்.

பிரசவ விடுதிக்குள் ஆண்களை விட மாட்டார்கள். நாள்தோறும் அவன் கட்டடத்துக்கு வெளியே வந்து நின்று அண்ணாந்து பார்ப்பான். மூன்றாவது மாடி ஜன்னலில் உல்பிகே துணி மூட்டையைத் தூக்கிக் காட்டுவாள். கண்ணாடிக்குப் பின்னால் சிவந்த ஒரு முகம், பொத்திய ஒரு கை. அவன் கையை ஆட்டுவான். மூட்டை பதிலுக்கு ஒன்றும் ஆட்டாது. அதிலேயே அவனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

வெளியே விடுகிற அன்று கீழ்த்தளத்து மேசையில் மரியாஷ் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குப் பக்கம் திறந்தால்தான் வாசல் தாண்ட முடியும்.

"நல்ல நேரத்துல பெத்திருக்கீங்க," என்றாள். "திருத்தின வார்ப்புரு. ஏழு கட்டமும் காலி. உன் இஷ்டத்துக்குச் சொல்லு, நான் அடிக்கிறேன்."

கோய்ஷிபாய் தொப்பியை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். முதல் கட்டத்தில் தன் பெயரைச் சொன்னான். பிறகு தோலெகென், ஜகிப் என்று ஒவ்வொருவராகச் சொன்னான். மரியாஷ் அடித்தாள். மாவட்டத்திலேயே உண்மையான முன்னோரை உடைய ஒரே பொருள் திரையில் உருவாயிற்று. அவள் பொத்தானை அமுக்கினாள். திரை சிவந்தது.

"என்ன?"

"இந்தக் குழந்தைக்கும் உனக்கும் ஒரு உறவும் இல்ல. உன் அப்பா முராத். இவன் முன்னோர்ல முராத் எங்க இருக்காரு?"

"இவனோட அப்பன் நான்தான்! என் பேர்தானே மேல இருக்கு?"

"அந்தப் பேர்ல எத்தனையோ பேர். உன் பக்கத்துல இருக்கிற ஏழும் இவன் பக்கத்துல இருக்கிற ஏழும் ஒட்டவே இல்ல. நீ அந்நியன்."

"அப்ப இவன் அம்மாகிட்டயாவது குடு."

மரியாஷ் குரலைத் தாழ்த்தினாள். "தாய்ன்னு ஒரு பண்பே வகுப்புல கிடையாது, கோய்ஷிபாய். வகுப்பை எழுதினதெல்லாம் ஆம்பளைங்க. துணைவர்னு ஒண்ணு இருந்துச்சு, அதையும் எடுத்தாச்சு. உல்பிகே இங்க வெறும் நோயாளி. குணமாயிட்டா, போகலாம். குழந்தையை உரிமையில்லாத ஆளுகிட்ட குடுக்கக் கூடாது. குழந்தைகள் இல்லத்துலேர்ந்து வண்டி வந்து வெளியில நிக்குது, பார்த்திருப்பியே."

பார்த்திருந்தான். சாம்பல் நிற வண்டி, என்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. யாரோ நோயாளிக்காக என்று நினைத்திருந்தான்.

"என்ன செய்யணும்?" என்றான்.

"எனக்கும் கண் இருக்கு, மனசு இருக்கு. அதனால சொல்றேன். கட்டத்தை அழிச்சுட்டு மறுபடி கேக்கிறேன். மாவட்டத்துக்குப் பொதுவா இருக்கிற ஏழையும் சொல்லு. இவன் உனக்குத் தம்பி ஆயிடுவான். தம்பியை அண்ணன் தாராளமா கூட்டிட்டுப் போகலாம். வண்டிக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

கோய்ஷிபாய் படிக்கட்டைப் பார்த்தான். உல்பிகே மேல்படியில் குளிர்கோட்டு போட்டுக்கொண்டு குழந்தையோடு நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு ஆயா கையைக் குறுக்கே நீட்டி நின்றாள். உல்பிகே அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முராத்," என்றான் அவன். "அமான். சேயித். கோஷ்கார். தின்பெக். உலான். ஷோராபெக்."

ஓரிடத்திலும் தடுக்கவில்லை. அதுதான் அவனை மிகவும் பயமுறுத்தியது. திரை பச்சையாயிற்று. மரியாஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே முத்திரை குத்தினாள்.

"வாழ்த்துகள். உனக்குத் தம்பி பொறந்திருக்கான்."

பனி தள்ளும் வண்டியில் மூன்று பேருக்கு இடம் இல்லை, நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாம்பல் வண்டி அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, அங்கேயே நின்றது. விடுதிக்குள்ளே இன்னும் குழந்தைகள் இருந்தன. ஊரைத் தாண்டியதும் உல்பிகே குழந்தையின் போர்வையை முகத்திலிருந்து விலக்கினாள்.

"ஓதகாசி, என்ன சொன்னீங்கன்னு கேட்டேன். சொன்னது சரிதான். சொல்லலேன்னா நான் அந்த ஆயாவைக் கடிச்சிருப்பேன்." அவன் தோளில் தலையை இடித்தாள். "ஆனா இவன் காதுல முதல்ல அந்த ஏழுதான் விழுந்திருக்கு. வீடு போறவரைக்கும்கூட அது அவன் காதுல இருக்க வேண்டாம். இப்பவே நம்மளதைச் சொல்லுங்க."

கோய்ஷிபாய் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் குழந்தையின் பக்கம் சாய்த்தான்.

"கேட்டுக்கோ, குட்டி. உங்கப்பன் நான். எங்கப்பா தோலெகென். அவரோட அப்பா ஜகிப். அவரோட அப்பா எசிம். எசிமோட அப்பா..." கண்ணாடி துடைப்பான் இருமுறை போய் வந்தது. "எசிமோட அப்பா கோஷ்கார். கோஷ்காரோட அப்பா தின்பெக்."

சொல்லிவிட்டு அவனே வண்டியை நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். எசிமுக்குப் பிறகு மறுபடியும் கோஷ்கார்தான் வந்தார். நெற்றியில் அறைந்துகொண்டான். சின்ன வயதில் தலையில் குட்டிக் குட்டி ஏற்றிய பெயர், சற்று முன்பு மேசைக்கு எதிரே வாய் நிறையச் சொன்ன பெயர், எங்கே தேடியும் கிடைக்கவில்லை. வெளியே கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளையாக இருந்தது.

அந்தப் பகுதியில் ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தவள், கணவனின் முன்னோர் பெயரை வாயால் சொல்லக் கூடாது. தவறிச் சொன்னாலும் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். உல்பிகே பதினோரு வருஷத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை. புயலடித்தால்கூட, அவர்கள் பேச்சில் பனிப்புயலைக் குறிக்கும் சொல் மாமனாரின் கொள்ளுத் தாத்தா பெயரில் இருக்கிறது என்று, அதைச் சொல்லாமல் 'வெள்ளைக் காற்று' என்று சுற்றி வளைப்பாள்.

அவள் குழந்தையின் காதருகே குனிந்தாள்.

"பொரான்பாய்," என்றாள். கொஞ்சம் காத்திருந்தாள். அவன் அடுத்ததைச் சொல்லவில்லை. "கராஜான். சாரிமோல்தா. இதெமிஸ்."

கோய்ஷிபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.